கெனெனிசா பெக்கெலே 39வது இடம்: இன்னும் எதுக்கு ஓடுறாரு இந்த மனுஷன்?

#1 ரோட்டோரம்

சனிக்கிழமை மத்தியானம் சோத்துத் தட்டை மடியில வச்சுக்கிட்டு 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆம்பளைங்க மாரத்தான் பாத்தேன். எத்தியோப்பியா டமிராட் டோலா 2:06:26ல ஜெயிச்சாரு, ஒலிம்பிக் ரெக்கார்டு. அதுவும் முதல்ல டீம்லயே இல்லாத ஆளு, சிசாய் லெம்மா காயம்னு விலகினதால ரிசர்வ்ல இருந்து உள்ள வந்தவரு. அவருக்குன்னு தனி இழை போடணும், யாராச்சும் போடுங்க.

நான் கேக்க வந்தது வேற. அதே எத்தியோப்பியா டீம்ல நம்ம பெக்கெலே 39வதா வந்தாரு, 2:12:24. வயசு 42. ஜெயிச்சவரு வந்து ஆறு நிமிஷம் கழிச்சு வர்றாரு, கேமரா அந்தப் பக்கமே திரும்பல. ரெண்டு ஒலிம்பிக்ல மூணு தங்கம் வாங்கின ஆளு. போன ஏப்ரல்ல லண்டன்ல 2:04:15 ஓடி ரெண்டாவது வந்தப்போவே மாலையைப் போட்டு அனுப்பிச்சிருக்கலாம்ல? இப்படி ஒரு முடிவு தேவையா இவருக்கு? திட்டுறவங்க திட்டுங்க, ஆனா காரணத்தோட திட்டுங்க.

#2 சும்மாபாக்கவந்தேன்

ப்ரோ மன்னிச்சுக்கோங்க, எனக்கு மாரத்தான்னா கிப்சோகே மட்டும் தான் தெரியும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஓடினவரு. இவரு யாரு? அவர விட பெரிய ஆளா?

#3 ஸ்பைக்ஸ்

@சும்மாபாக்கவந்தேன் உக்காரு தம்பி, டீ சொல்லிட்டு உக்காரு, இது கொஞ்சம் நீளமா போகும்.

கிப்சோகேவும் இவரும் ஒரே காலத்து ஆளுங்க. 2003 பாரிஸ் உலக சாம்பியன்ஷிப் 5000 மீட்டர், 18 வயசு பையன் கிப்சோகே தங்கம், 1500 மீட்டர் ராஜா எல் கெரூஜ் வெள்ளி, பெக்கெலே வெண்கலம். மூணு பேருக்கும் நடுவுல அரை செகண்ட் கூட இல்ல. ஆனா அதுக்கு சில நாள் முன்னாடி அதே ஊர்ல 10,000 மீட்டர்ல பெக்கெலே என்ன பண்ணாருன்னா, ஹைலே கெப்ரசெலாசியை முந்திட்டாரு. ஹைலே யாருன்னு கேட்டா உன்னை பிளாக் பண்ணிடுவேன். அட்லாண்டா, சிட்னி ரெண்டு ஒலிம்பிக்லயும் 10,000 தங்கம், சிட்னில கென்யா பால் டெர்காட்டை ஒரு செகண்ட்ல பத்துல ஒரு பங்கு கூட இல்லாத வித்தியாசத்துல ஜெயிச்ச ஆளு. அந்த ஹைலே முன்னாடி நின்னு பேஸை ஏத்துறாரு, ரெண்டாவது 5000ஐ மட்டும் 13 நிமிஷத்துக்குள்ள ஓடினாங்க, கடைசில பையன் அவரையே தாண்டி 26:49.57. மூணாவது சிலேஷி சிஹினே. மூணும் எத்தியோப்பியா.

அடுத்த வருஷம் 2004, மே 31 ஹெங்கலோல 5000 மீட்டர் உலக சாதனை 12:37.35, எட்டு நாள் கழிச்சு ஆஸ்ட்ராவால 10,000 உலக சாதனை 26:20.31. ரெண்டுமே ஹைலே கையில இருந்தது. 2005 ஆகஸ்ட்ல பிரஸ்ஸல்ஸ்ல அதையும் அவரே அழிச்சு 26:17.53 எழுதினாரு. கணக்கு போட்டுப் பாரு, 25 ரவுண்டு, ஒவ்வொண்ணும் 63 செகண்ட். உங்க ஏரியா கிரவுண்ட்ல போய் ஒரே ஒரு ரவுண்டு 63ல ஓடிட்டு வந்து இங்க எழுது. உயிரோட இருந்தா.

இந்த ரெண்டு சாதனையும் பதினஞ்சு பதினாறு வருஷம் நின்னுச்சு. 2020ல தான் உகாண்டா செப்டெகெய் வந்து ரெண்டையும் உடைச்சாரு, மொனாக்கோல 12:35.36, வலென்சியால 26:11.00. அதுல டிராக் ஓரமா லைட்டு ஓடும், எந்த வேகத்துல போகணும்னு அதைப் பாத்தே போகலாம், கால்ல புது மாடல் ஷூ. 2005ல பிரஸ்ஸல்ஸ்ல கடைசி பல ரவுண்டு பெக்கெலே தனியா, ஸ்டேடியம் கடிகாரத்தைப் பாத்துட்டு ஓடினாரு.

#4 அடாமா வாத்தியார்

ஸ்பைக்ஸ் தம்பி நல்லா எழுதியிருக்கீங்க. ஒரே ஒரு திருத்தம், சண்டைக்கு இல்ல. அவரை பெக்கெலே பெக்கெலேன்னு கூப்பிடுறீங்களே, அது அவங்க அப்பா பேரு.

நான் 2007ல இருந்து மூணு வருஷம் எத்தியோப்பியால அடாமாங்கிற ஊர்ல காலேஜ்ல பாடம் எடுத்தேன். அப்போ இந்தியால இருந்து, குறிப்பா நம்ம பக்கத்துல இருந்து நிறைய லெக்சரர்ங்க அங்க போனோம். முதல் நாள் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ரெண்டாவது பேரை சொல்லி கூப்பிட்டேன், ஒருத்தனும் எந்திரிக்கல. அப்புறம் ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு, சார் அது எங்க அப்பா, அவரு வயல்ல இருப்பாருன்னு. அங்கயும் குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது, நம்மள மாதிரி தான், தன் பேரு, அப்பா பேரு. நாம இனிஷியலை முன்னாடி போடுறோம், அவங்க முழுசா பின்னாடி போடுறாங்க, அவ்வளவு தான் வித்தியாசம். நம்ம கணக்குல அவரு பெ. கெனெனிசா. அவரு தம்பி பெ. தாரிக்கு, அவரும் லண்டன் 2012ல 10,000 மீட்டர் வெண்கலம். ஊர்ல கெனெனிசான்னு தான் சொல்லுவாங்க. ஹைலேன்னா ஹைலே. கெப்ரசெலாசின்னு அங்க யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

#5 ரோட்டோரம்

அய்யோ சார், இத்தனை வருஷமா அவங்க அப்பாவுக்கு கைதட்டிட்டு இருந்தேனா நானு. இனிமே கெனெனிசா. டைட்டில்ல முழுப் பேரு இருக்கு, தப்பிச்சேன்.

ஸ்பைக்ஸ், நீங்க சொன்னது எல்லாம் எனக்கும் தெரியும், அதனால தான் கேக்குறேன். இவ்வளவு செஞ்ச ஆளு எதுக்கு 39வதா வரணும்?

#6 கட்_அண்ட்_ரைட்

தெளிவா சொல்றேன், கோவப்படாதீங்க. மாரத்தான்ல கிப்சோகேவுக்கு முன்னாடி இவரு ஒண்ணுமே இல்ல. 2014 சிகாகோ, கிப்சோகே முதல், இவரு நாலாவது. 2016 லண்டன், கிப்சோகே முதல், இவரு மூணாவது. 2017 பெர்லின், கிப்சோகே முதல், இவரு பாதில விட்டுட்டாரு. 2018 லண்டன், கிப்சோகே முதல், இவரு ஆறாவது. 2020 லண்டன்ல ரெண்டு பேரும் மோதப் போறாங்கன்னு உலகமே காத்துட்டு இருந்தா ரெண்டு நாள் முன்னாடி கெண்டைக்கால் வலின்னு விலகிட்டாரு. திறமை இருக்கு, ஒழுங்கு இல்ல. கிப்சோகே துறவி மாதிரி கேம்ப்ல கக்கூஸ் கழுவி வாழ்ந்தாரு, இவரு ஹோட்டல் கட்டுறது, டிராக் கட்டுறதுன்னு பிசினஸ்ல இருந்தாரு.

#7 ஸ்பைக்ஸ்

@கட்_அண்ட்_ரைட் அந்த 2020 லண்டன்ல கிப்சோகே எத்தனாவது வந்தாரு, அதையும் எழுதுங்களேன். எட்டாவது. சும்மா ஞாபகப்படுத்தினேன்.

அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஓடின மாரத்தான்ல கெனெனிசா முதல் தடவையா கிப்சோகேவுக்கு முன்னாடி வந்தது எங்கன்னு தெரியுமா? இந்த பாரிஸ் தான். கிப்சோகே 30 கிலோமீட்டர் பக்கத்துல நின்னுட்டாரு. 39வது இடம்னு ரோட்டோரம் அழுவுறாரு, அதுக்குள்ள இப்படி ஒரு கணக்கு தீர்ந்திருக்கு 😄

#8 பெர்லின்_தம்பி

2019 செப்டம்பர் 29 நான் பெர்லின்ல ரோட்ல நின்னேன். அதை சொல்லாம இந்த இழைய கடந்து போக முடியல.

நான் நின்னது 38 கிலோமீட்டர் கிட்ட. மழை தூறிட்டு இருந்துச்சு, ரோடெல்லாம் ஈரம், குடை வச்சிருந்தவன் எல்லாம் பின்னாடி நிக்கிறவன்கிட்ட திட்டு வாங்கிட்டு இருந்தான். பக்கத்துல ஒரு எத்தியோப்பியா குடும்பம், பச்சை மஞ்சள் சிவப்புக் கொடி, அந்த அம்மா ஃபோன்ல லைவ் பாத்துட்டே இருக்காங்க. 30 தாண்டினதும் கூட ஓடின லெகெசே பிச்சுக்கிட்டு போய்ட்டாரு, கெனெனிசா பின்தங்கிட்டாருன்னு வந்ததும் அந்த அம்மா ஃபோனை பைக்குள்ள போட்டுட்டாங்க. முடிஞ்சு போச்சுன்னு நானும் நினைச்சேன்.

அப்புறம் மோட்டார்பைக் வருது, கடிகாரம் வச்ச கார் வருது, அதுக்குப் பின்னாடி வர்றது இவரு. தனியா. குள்ளமான ஆளு, டிவில பாக்குறத விட குள்ளம், தலை அசையவே இல்ல, கால் மட்டும் கீழ வேற யாரோ ஓட்டுற மாதிரி சுத்துது. சத்தமே இல்ல மச்சி. ஈர ரோட்டுல டப் டப் டப்னு ஷூ சத்தம் மட்டும். ஒரு கிலோமீட்டருக்கு 2 நிமிஷம் 53 செகண்ட் வேகம்னா கண்ணு முன்னாடி எவ்வளவு நேரம் இருப்பாருன்னு நினைக்கிறீங்க? நான் ஃபோனை எடுத்து கேமராவ ஆன் பண்றதுக்குள்ள முதுகு தான் இருந்துச்சு. அந்த முதுகு போட்டோ இன்னும் வச்சிருக்கேன், மங்கலா.

முடிச்சது 2:01:41. கிப்சோகே உலக சாதனை 2:01:39. ரெண்டே ரெண்டு செகண்ட். 42 கிலோமீட்டர் ஓடி ரெண்டு செகண்ட்ல விட்டா வீட்ல தூக்கம் வருமா? அந்த அம்மா அழுதாங்க. சந்தோஷத்துல அழுதாங்களா வருத்தத்துலயான்னு எனக்குப் புரியல, கேக்கவும் இல்ல.

#9 கட்_அண்ட்_ரைட்

ரெண்டு செகண்ட்ங்கிறது ஒழுங்கா பயிற்சி எடுத்திருந்தா வந்திருக்கும், நான் சொன்னது அதைத்தான்.

#10 ஓடுகாலி

(பேரைப் பாத்து யாரும் ஆரம்பிக்க வேணாம், எங்க அம்மா வச்ச பட்டப்பேரு, நான் காலைல அஞ்சு மணிக்கு ஷூ மாட்டிட்டு கிளம்புறதப் பாத்து)

@கட்_அண்ட்_ரைட் அண்ணே, ஒழுங்கு இல்லாத ஆளு ஒரே வாரக் கடைசில ரெண்டு உலக கிராஸ் கன்ட்ரி ஜெயிப்பாரா? அதுவும் அஞ்சு வருஷம் தொடர்ந்து? நீங்க எல்லாரும் மாரத்தான் டிராக்னு பேசுறீங்க, அவரோட உண்மையான இடம் சேறும் புல்லும் தான்.

கிராஸ் கன்ட்ரின்னா தெரியாதவங்களுக்கு: புல்தரை, மேடு, பள்ளம், மழை பெய்ஞ்சா சேறு. அப்போ உலக சாம்பியன்ஷிப்ல 4 கிலோமீட்டர் ஒண்ணு, 12 கிலோமீட்டர் ஒண்ணுன்னு ரெண்டு ரேஸ் இருந்துச்சு. 4 கிலோமீட்டருக்கு 1500 மீட்டர் ஓடுற வேகக்காரங்க வருவாங்க, 12க்கு மாரத்தான் ஆளுங்க வருவாங்க. ரெண்டும் ரெண்டு வேற உடம்பு. 2002, 2003, 2004, 2005, 2006, அஞ்சு வருஷமும் ரெண்டையும் ஜெயிச்சது கெனெனிசா. ஒருத்தராலயும் அந்த டபுளை தடுக்க முடியல. 2006க்கு அப்புறம் அந்த குட்டி ரேஸையே எடுத்துட்டாங்க, இவரால தான் எடுத்தாங்கன்னு நான் சொல்ல வரல, ஆனா மனசுக்குள்ள அப்படித்தான் நினைச்சுக்கிறேன். 2008ல எடின்பரோல திரும்பவும் பெரிய ரேஸ். மொத்தம் சீனியர் தனிநபர் தங்கம் மட்டும் 11.

அதுல 2005 மட்டும் தனி. அந்த வருஷம் ஜனவரி 4, கல்யாணம் பண்ணிக்க இருந்த பொண்ணு அலெம் டெச்சாலே, 18 வயசு, அவளும் ஓட்டக்காரி, 2003ல 1500 மீட்டர்ல உலக யூத் சாம்பியன். அடிஸ் அபாபாவுக்கு வெளிய ரெண்டு பேரும் காட்டுல சேர்ந்து ஓடிட்டு இருக்கும்போது மயங்கி விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள போயிட்டா. இத நான் படிச்ச அன்னிக்கு என் வீட்டுக்காரரோட தான் ஓடப் போயிருந்தேன், பாதில நின்னு அவரோட கையைப் புடிச்சுக்கிட்டேன், அவருக்கு ஒண்ணும் புரியல.

அடுத்த மூணு மாசத்துல மார்ச் 19, 20, பிரான்ஸ்ல செயின்ட் எட்டியன். சனிக்கிழமை 4 கிலோமீட்டர், ஞாயித்துக்கிழமை 12 கிலோமீட்டர். ரெண்டும் ஜெயிச்சாரு. ஒழுங்கு இல்லையாம்.

#11 லேப்_கவுண்ட்

அக்கா சொன்ன கதைக்கு நடுவுல ஒண்ணு இருக்கு. அந்த துக்கத்துக்கு அப்புறம் ஜனவரி கடைசில போஸ்டன்ல இன்டோர் ரேஸ் ஓடினாரு, 3000 மீட்டர். எத்தனை ரவுண்டு பாக்கின்னு கணக்கு தப்பிப் போச்சு. ஒரு ரவுண்டு முன்னாடியே முடிஞ்சுச்சுன்னு நினைச்சு முழு வேகத்துல ஸ்பிரின்ட் போட்டுட்டாரு. அப்புறம் தான் தெரியுது இன்னொண்ணு இருக்குன்னு. அயர்லாந்து கிராக் வந்து முந்திட்டு போய்ட்டாரு. அப்புறம் பர்மிங்ஹாம்லயும் தோத்தாரு, சொந்த நாட்டு மார்கோஸ் கெனெட்டிகிட்ட.

நான் ஸ்கூல் ஸ்போர்ட்ஸ்ல லேப் எண்ணுற வேலை பாத்தவன், என் பேரே அதுல வந்தது தான். ஓடுறவன் மனசு வேற எங்கயோ இருந்தா முதல்ல போறது எண்ணிக்கை தான். அந்த வீடியோவ என்னால ரெண்டாவது தடவை பாக்க முடியல.

#12 ரோட்டோரம்

இது எனக்குத் தெரியாது. போஸ்டன் பத்தி படிச்சிருக்கேன், ஆனா அது காமெடின்னு நினைச்சுட்டேன் இவ்வளவு நாள். தேதியைச் சேத்துப் பாக்கல.

#13 அடாமா வாத்தியார்

2008 பெய்ஜிங் நான் அடாமால இருந்து பாத்தேன், அத எழுதுறேன்.

ஆகஸ்ட் 23, சனிக்கிழமை. அங்க அது மழைக்காலம். 5000 மீட்டர் ஃபைனல் எத்தனை மணிக்குன்னு என் மாணவன்கிட்ட கேட்டேன், ஒன்பது மணிக்குன்னான். நான் ராத்திரி ஒன்பதுன்னு நினைச்சு வீட்ல படுத்துட்டேன். அவங்க கடிகாரம் பொழுது விடிஞ்சதுல இருந்து எண்ணும், காலை ஏழு மணி தான் அவங்களுக்கு ஒரு மணி, அப்போ ஒன்பதுன்னா மத்தியானம் மூணு. அங்க போய் ஒரு வருஷம் ஆகியும் நான் இதுல தான் மாட்டுவேன். வருஷமும் அப்படித்தான், ஊரெல்லாம் 2008, அவங்களுக்கு அப்போ 2000. நல்லவேளை அந்தப் பையன் வந்து கதவைத் தட்டி இழுத்துட்டுப் போனான்.

காபிக் கடை. கீழ பச்சைப் புல்லு பரப்பியிருக்கும், கரி அடுப்புல கொட்டைய வறுத்து, இடிச்சு, கருப்பு மண் குடுவைல கொதிக்க வச்சு சின்னக் கப்புல ஊத்துவாங்க, கூட பாப்கார்ன். புனான்னு பேரு. அன்னிக்கு அந்த அம்மா வறுக்கிறத நிறுத்திட்டு கரண்டியோட டிவி முன்னாடி வந்து நின்னாங்க, கொட்டை தீஞ்சு போற வாசனை வருது, யாரும் கண்டுக்கல.

முன்கதை தெரிஞ்சா தான் இது புரியும். 2004 ஏதென்ஸ்ல 10,000 ஜெயிச்சுட்டு 5000லயும் நின்னாரு கெனெனிசா. அந்த ரேஸை மெதுவா போக விட்டுட்டாங்க. மெதுவா போனா கடைசி ரவுண்டு யாருக்கு? 1500 மீட்டர் ராஜா எல் கெரூஜுக்கு. 13:14.39 அவரு, 13:14.59 இவரு. அந்த தோல்வி அடாமால டீக்கடை வரைக்கும் நாலு வருஷம் பேசியிருக்காங்க, ஏன் மெதுவா விட்டான், ஏன் மெதுவா விட்டான்னு. எங்க காலேஜ் வாட்ச்மேன் கூட எனக்கு வியூகம் சொல்லிக் குடுத்திருக்காரு.

பெய்ஜிங்ல அத திருப்பிப் போட்டாரு. கடைசி வரைக்கும் காத்திருக்கல, முன்னாடி போய் படிப்படியா வேகத்த ஏத்திக்கிட்டே இருந்தாரு, பின்னாடி வர்றவனுக்கு மூச்சை சேமிக்க இடமே குடுக்கல. கடை முழுக்க அய்ஸோ, அய்ஸோன்னு கத்துறாங்க. அதுக்கு நம்ம பாஷைல விடாத, தைரியமா இருன்னு அர்த்தம். வயசானவங்களுக்கு சொல்லுவாங்க, ஊசி போடும்போது பிள்ளைங்களுக்கு சொல்லுவாங்க, ஜெயிச்சுட்டு இருக்கிறவனுக்கும் அதையே தான் சொல்றாங்க. 12:57.82. ரெண்டாவது வந்தவரு கிட்டத்தட்ட அஞ்சு செகண்ட் பின்னாடி. அந்த ரெண்டாவது யாருன்னு கட்_அண்ட்_ரைட் தம்பி தேடிப் பாருங்க.

#14 ஸ்பைக்ஸ்

எலியுட் கிப்சோகே 😂😂 சார் இப்படி அமைதியா உக்காந்துக்கிட்டு அடிக்கிறீங்களே.

அந்த 12:57.82 இன்னிக்கும் 5000 மீட்டர் ஒலிம்பிக் ரெக்கார்டு. டோக்கியோ போச்சு, பாரிஸும் முடிஞ்சு போச்சு, இவ்வளவு ஷூ வந்தும் யாரும் தொடல.

#15 கட்_அண்ட்_ரைட்

சரி, டிராக்ல அவரு தான். நான் டிராக்கைப் பத்தி பேசவே இல்லையே.

#16 சும்மாபாக்கவந்தேன்

டீ ஆறிப் போச்சு அண்ணே, ஆனா எந்திரிக்க முடியல. ஒரு சந்தேகம், இந்த ஊர்ல மட்டும் ஏன் இவ்வளவு பேரு? பரம்பரை ஜீன்னு சொல்றாங்களே?

#17 அடாமா வாத்தியார்

அந்த வார்த்தை எனக்குப் பிடிக்காது தம்பி, உழைச்சவனோட உழைப்ப எடுத்து தாத்தாகிட்ட குடுக்குற மாதிரி இருக்கும்.

அடாமால இருந்து தெக்க போனா ஆர்சி மலைப்பக்கம். முதல்ல அசெல்லா, ஹைலே பொறந்த ஊர்ப் பக்கம். இன்னும் போனா பெக்கோஜி, கடல் மட்டத்துல இருந்து 2800 மீட்டர் கிட்ட. நான் ஒரு லீவுல போனேன். பார்லி வயல், குதிரை வண்டி, யூகலிப்டஸ் மரம், மத்தியானம் கூட ஸ்வெட்டர். பஸ்ஸ விட்டு இறங்கி ஒரு மேட்டுல ஏறினதுக்கே எனக்கு தலை சுத்துச்சு. அந்த மேட்டுல ஸ்கூல் பசங்க, பிளாஸ்டிக் செருப்போட, என்னைத் தாண்டி சிரிச்சுக்கிட்டே ஓடுறாங்க.

அந்த ஒரு சின்ன ஊர்ல இருந்து டெராட்டு துலு, ஃபாத்துமா ரோபா, கெனெனிசா, திருனேஷ் டிபாபான்னு ஒலிம்பிக் தங்கம் வாங்கினவங்க வந்திருக்காங்க. (திருனேஷ், பேரைக் கேட்டா நம்ம ஊர்ப் பொண்ணு மாதிரி இருக்குல்ல.) இவங்கள்ல பல பேரைக் கண்டுபிடிச்சு வளத்தது அந்த ஊரு ஸ்கூல் பி.டி. வாத்தியார், செந்தாயெஹு எஷெட்டு. உயரம், பழக்கம், கண்ணு முன்னாடி ஜெயிச்சுட்டு கார்ல வந்து இறங்குற பக்கத்து வீட்டு அக்கா, விசில் ஊதுற ஒரு வாத்தியார். இதெல்லாம் சேர்ந்து ஒரே ஊர்ல விழுந்துச்சு. அதே உயரத்துல, அதே ஜனங்க இருக்கிற வேற எத்தனையோ ஊர் அங்க இருக்கு, அங்க இருந்து இப்படி வரலயே.

#18 ஓடுகாலி

சார் திருனேஷ் பேச்சு எடுத்ததால சிஹினேயைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன், எனக்கு அவரு மேல தான் பாசம். 2004 ஏதென்ஸ் 10,000 வெள்ளி. 2005 ஹெல்சிங்கி வெள்ளி. 2007 ஒசாகா வெள்ளி. 2008 பெய்ஜிங் வெள்ளி. நாலு தடவையும் முன்னாடி போனது கெனெனிசா. வேற எந்தக் காலத்துல பொறந்திருந்தாலும் அவரு பேர்ல ரோடு இருந்திருக்கும். ஆனா 2008 கடைசில திருனேஷ கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, அந்தப் பொண்ணு பெய்ஜிங்ல 5000, 10,000 ரெண்டு தங்கமும் வாங்கிட்டு வந்திருந்துச்சு. வீட்டுக்குள்ள தங்கம் வந்துடுச்சு, விடுங்க.

ஏதென்ஸ்ல இன்னொண்ணு. ஹைலேவுக்கு குதிகால் நரம்புல காயம், இருந்தாலும் வந்து ஓடினாரு. அவரு பின்தங்கினப்போ கெனெனிசாவும் சிஹினேயும் திரும்பித் திரும்பிப் பாத்து வேகத்த குறைச்சாங்க, அண்ணன் வந்து சேர்ந்துடுவாருன்னு. ஒலிம்பிக் ஃபைனல்ல! அவரால வர முடியல, அஞ்சாவது. அப்புறம் தான் இவங்க கிளம்பிப் போனாங்க. எனக்கு அந்தத் திரும்பிப் பாக்குற நிமிஷத்துக்கு முன்னாடி எந்த உலக சாதனையும் பெருசா தெரியல.

#19 ரோட்டோரம்

அந்த சீன் நான் பாத்திருக்கேன் அக்கா, எதுக்கு திரும்புறாங்கன்னு தெரியாமயே பாத்திருக்கேன்.

ஆனா என் கேள்வி அப்படியே இருக்கு. 2009க்கு அப்புறம் பாருங்க. 2009 பெர்லின்ல ரெண்டு தங்கம், 5000ல அமெரிக்கா லகாத் கடைசி நேர்ல முந்தினப்புறமும் திரும்பப் புடிச்சு ஜெயிச்சாரு, ஒரே உலக சாம்பியன்ஷிப்ல ரெண்டையும் ஜெயிச்ச முதல் ஆம்பளை. அப்புறம் கெண்டைக்கால் போச்சு. 2011 டேகுல 10,000 பாதில வெளிய வந்தாரு, 2003ல இருந்து அந்த தூரத்துல தோக்காத ஆளு. 2012 லண்டன் நாலாவது. 2016 ரியோ டீம்ல சேக்கல, சண்டை. டோக்கியோவும் டீம் தேர்வு ஓட்டப் பிரச்சனைல போச்சு. இத்தனைக்கும் அப்புறம் 12 வருஷம் கழிச்சு ஒலிம்பிக்னு வந்து 39வது.

#20 ஸ்பைக்ஸ்

நீங்களே லிஸ்ட்ல பாதிய விட்டுட்டு எழுதினா இப்படித்தான் தெரியும் தலைவா.

டேகுல வெளிய வந்தாரு சரி, சில வாரத்துல பிரஸ்ஸல்ஸ்ல 26:43.16 ஓடினாரு, அந்த வருஷத்துலயே உலகத்துல பெஸ்ட். லண்டன் நாலாவது சரி, அடுத்த வருஷம் இங்கிலாந்து கிரேட் நார்த் ரன் அரை மாரத்தான்ல, லண்டன்ல தங்கம் வாங்கின மோ ஃபாராவை ஒரே செகண்ட்ல ஜெயிச்சாரு, ஹைலேவும் அதுல இருந்தாரு, மூணாவது. முதல் மாரத்தான் 2014 பாரிஸ், 2:05:04, கோர்ஸ் ரெக்கார்டு. ரியோ டீம்ல சேக்கலையா, அடுத்த மாசமே பெர்லின்ல 2:03:03. முடிஞ்சான்னு நினைச்சாங்க, 2019ல அந்த ரெண்டு செகண்ட். 40 தாண்டிட்டாருன்னாங்க, 2023 வலென்சியால 2:04:19, 40 வயசுக்கு மேல யாரும் அப்படி ஓடினதில்ல, அடுத்த ஏப்ரல்லயே லண்டன்ல 2:04:15 ஓடி அதையும் அவரே உடைச்சாரு. அதுல கடைசி சில கிலோமீட்டர் வரைக்கும் ஜெயிச்ச முட்டிசோ கூட ஒட்டிட்டுப் போனாரு.

ஒவ்வொரு தடவையும் நீங்க மாலை வாங்கப் போயிருக்கீங்க, வந்து பாத்தா ஆளு கிரவுண்ட்ல இருக்காரு.

#21 பெர்லின்_தம்பி

அந்த பாரிஸ் ரூட்டும் சும்மா இல்ல. வெர்சாய் போய் திரும்புற வழி, மொத்தம் 430 மீட்டருக்கு மேல ஏத்தம், 28 கிலோமீட்டர் தாண்டி ஒரு ஏத்தம் சுவர் மாதிரி. 42 வயசு கெண்டைக்கால வச்சுக்கிட்டு அதுல ஏறி இறங்கி முடிச்சிருக்காரு. பாதில நிக்கிறது அவருக்குப் புதுசு இல்ல, துபாய்ல நின்னிருக்காரு, பெர்லின்ல நின்னிருக்காரு. பாரிஸ்ல நிக்கல.

#22 கட்_அண்ட்_ரைட்

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பணத்துக்காக ஓடுறாருன்னு எழுத வந்தேன், 39வது இடத்துக்கு யாரு பணம் குடுப்பா.

#23 லேப்_கவுண்ட்

எடின்பரோ 2008 யாரும் விரிவா சொல்லல. முன்னாடி வருஷம் 2007 மொம்பாசால சூடு தாங்காம வெளிய வந்தாரு, எரித்ரியா ததெஸே ஜெயிச்சாரு. அடுத்த வருஷம் எடின்பரோல ஆரம்பத்துலயே பின்னாடி வந்தவன் மிதிச்சு ஷூ கழண்டுடுச்சு. முன்னாடி கூட்டம் போயிடுச்சு. இவரு நின்னு, குனிஞ்சு, ஷூவ மாட்டிக்கிட்டு, பின்னாடி இருந்து ஒவ்வொருத்தரா முந்தி ஜெயிச்சாரு.

#24 ரோட்டோரம்

வீடியோ பாத்துட்டு வரேன்.

#25 ரோட்டோரம்

பாத்தேன். நான் எதிர்பாத்தது பதறி அடிச்சு மாட்டுவாருன்னு. பதறவே இல்ல. வாசல்ல உக்காந்து ஆபீஸுக்கு ஷூ மாட்டுற மாதிரி மாட்டுறாரு. அப்புறம் எந்திரிச்சதும் ஒரேடியா பாயவும் இல்ல, கொஞ்சம் கொஞ்சமா தான் போறாரு.

மூணு தடவை ரிப்பீட் போட்டேன், வீட்ல கேக்குறாங்க ஷூ மாட்டுறத எதுக்கு திரும்பத் திரும்பப் பாக்குறீங்கன்னு.

#26 ஓடுகாலி

நாளைக்கு அஞ்சு மணிக்கு வர்றீங்களா அண்ணே? லேஸுக்கு ரெட்டை முடிச்சு போட்டுட்டு வாங்க, மிதிச்சா நான் பொறுப்பில்ல.